குடிக்காதவர் வீட்டுக் கல்லீரல்

கண்டிப்பும் கனிவும் கலந்து நம் சங்கத்தைக் கட்டிக் காக்கும் அவைத் தலைவர் திரு. வெங்கடநாராயணன் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருந்து முகத்தாலேயே ஆசி வழங்கும் மூத்தோர்களே! பட்டுப்புடவை சரசரக்க வந்தாலும் பாதி மனத்தை அடுப்படியில் விட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! தமிழில் கேட்டு வங்காளத்தில் சிரிக்கும் இளைய தலைமுறையே! விஜயா தசமிக்கு நம் வீடு தேடி வந்தது போலவே இன்று நம் மேடை தேடியும் வந்திருக்கும் வங்காள அண்டை வீட்டாரே! உங்கள் அனைவருக்கும் இந்த விஜயலக்ஷ்மியின் வணக்கம். வரப்போகும் தீபாவளிக்கு முன்கூட்டியே வாழ்த்து.

கல்லீரலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் மகளிர் அணியில் ஒருவர் கேட்டார்: "ஏண்டி விஜி, நல்ல நாளும் அதுவுமா வேற விஷயமே கிடைக்கலையா?"

நல்ல நாள் என்பதால்தான் அம்மா பேசுகிறேன்! நம் நாட்காட்டியில் நல்ல நாள் என்று இருப்பதெல்லாம் கல்லீரலுக்குக் கடினமான நாளாயிற்றே! நவராத்திரியைச் சுண்டலோடு தொடங்குகிறோம். நல்ல தொடக்கம். அதோடு நின்றோமா? துர்கா பூஜை அஷ்டமிக்குப் பந்தல் பந்தலாகப் பொரித்தவை. விஜயா தசமிக்கு வீடு வீடாகச் சந்தேஷ், ரசகுல்லா, 'நாரு' என்னும் தேங்காய் உருண்டை. அது செரிப்பதற்குள் தீபாவளி. வங்காளியின் இனிப்பையும் விடவில்லை, தமிழனின் இனிப்பையும் விடவில்லை. இரண்டு பண்பாடுகளைச் சுமக்கும் பெருமை நமக்கு; பாரம் யாருக்கு?

தலை வலித்தால் தைலம் கேட்கிறது. கால் வலித்தால் நாற்காலி கேட்கிறது. வலது விலாவுக்குள் குடியிருக்கும் கல்லீரலோ, உண்டதைப் பிரிக்கிறது, வேண்டியதைச் சேமிக்கிறது, நஞ்சை முறிக்கிறது. முறையிட மட்டும் மறந்துவிடுகிறது!

"குடிக்கிறவாளுக்குத்தானே அது கெடும்?" அதோ, ஒரு மாமா கேட்டேவிட்டார். மாமா, உங்களுக்காகவே ஒரு கதை வைத்திருக்கிறேன். கதைநாயகர் இதே மண்டபத்தில், மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நம் சங்கச் செயலாளர், வங்கி அதிகாரி, என் உடன்பிறந்த அண்ணன் ஸ்ரீநிவாஸ். பெயரைச் சொல்லலாமா என்று நேற்றே கேட்டேன். "சொல்லாம பேசினா யாரோ எவரோன்னு தூங்கிடுவா. பேரைச் சொல்லியே பேசு" என்றார்.

என் அண்ணன் மதுவைத் தொட்டதில்லை. மாமிசம் கண்டதில்லை. ஆனால் வங்கி நடத்திய உடல் பரிசோதனையில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பது தெரிந்தது. அலிப்பூரில் ஒரு மருத்துவர், "கல்லீரல் இறுகத் தொடங்கியிருக்கிறதா என்று இன்னொரு பரிசோதனை செய்து பார்த்துவிடலாம், தள்ளிப் போடாதீர்கள்" என்றிருக்கிறார். நம் ஊர்க்காரர் கண்ணில் படக்கூடாது என்றுதான் நம் டாலிகஞ்சை விட்டு அங்கே போனார். அண்ணி அலமுவுக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

பூஜை முடிந்தது. விஜயா தசமி வந்தது. அண்ணன் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். அண்ணி சந்தேஷ் தட்டை நீட்டினாள். அண்ணன் ஒன்று எடுத்தார், இரண்டு எடுத்தார், மூன்றாவதற்குக் கை போயிற்று. அப்போது மேல்மாடி வங்காள வீட்டுச் சுப்ரியா பௌதி, அதாவது அவர்கள் மொழியில் சுப்ரியா அண்ணி, தட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வங்காளத்தில் முழங்கினார்: "ஸ்ரீநிவாஸ் அண்ணாவுக்கா கொடுக்கிறே? லிவர் டாக்டர் என்ன சொன்னார், மறந்துபோச்சா?"

கூடமே அண்ணன் பக்கம் திரும்பியது. அண்ணன் தடுமாறி, "அது... ஒரு சிநேகிதனுக்குத் துணைக்குப் போனேன்" என்றார்.

"அப்படியா? நானும் என் வீட்டுக்காரரோட அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டது உங்க பேரைத்தானே!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். பௌதியும் இங்கேதான் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அண்ணி அன்று சிரிக்கவில்லை. விருந்தினர் போனதும் கேட்டாள்: "டாக்டர் சொன்னது தெரிஞ்சும் ஏன்னா எல்லார் ஆத்துலயும் வாங்கி வாங்கித் தின்னேள்?"

அண்ணன் சொன்ன பதில்தான் என்னை இந்த மேடையில் ஏற்றியது. "வேண்டாம்னா ஏன்னு கேப்பா. லிவர்னு சொன்னா, அப்பா பேரைச் சொல்லி, மஹாதேவனோட பிள்ளை குடிக்க ஆரம்பிச்சுட்டான்னு பேசுவா. ஸ்னேகாவுக்கு வரன் பேசிண்டிருக்கோம். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

சபையோரே! நோயை மறைக்க நோய்க்கே தீனி போட்ட விந்தையை வேறெங்காவது கண்டதுண்டா? மகளின் திருமணத்துக்காகத் தன் பரிசோதனையைத் தள்ளிப்போட்ட தந்தையை நான் குறை சொல்வேனா? மாட்டேன். 'ஏன் வேண்டாம்?' என்று கேட்டு அவரை அஞ்ச வைத்தவர்கள் யார்? இனிப்பை மறுத்தவரை முறைத்தவர்கள் யார்? நாம்தானே! இந்தக் கொல்கத்தாவில் வங்காளிகள் பேருந்தில் நின்றுகொண்டே கல்லீரலைப் பற்றி ஊருக்கே கேட்கப் பேசுகிறார்கள். நாமோ நம் வீட்டுக் கூடத்தில்கூட அந்தச் சொல்லைச் சொல்ல நடுங்குகிறோம். "லிவார்-இ தோ! லொஜ்ஜா கீஷேர்?" என்றார் சுப்ரியா பௌதி. கல்லீரல்தானே, இதில் வெட்கம் எதற்கு? நான் பலநாள் அந்தக் கேள்வியைச் சுமந்து நடந்தேன்.

முடிச்சை அவிழ்த்தவள் ஸ்னேகா. "அப்பா, கல்யாணம் எனக்கு, லிவர் உனக்கு. ரெண்டையும் ஏன் மிக்ஸ் பண்றே?" என்றாள். அப்படியே ஜாதவ்பூருக்கு, பேசிக்கொண்டிருந்த வரன் தீபக்கின் அம்மா ஷியாமளா மாமிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். மாமி சொன்னார்: "இதுக்கா இத்தனை தயக்கம்? எங்காத்து மாமாவுக்கும் அதேதாண்டி. சம்பந்திகள் ரெண்டு பேரையும் பந்தியில பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுட்டா, ஸ்வீட் தட்டு அந்தப் பக்கமே போகாம பாத்துக்கலாம்!" அந்தச் சம்பந்தி மாமாவும் இங்கே வந்திருக்கிறார். மாமா, தலையைக் குனியாதீர்கள். உங்களுக்கு இங்கே துணை ஏராளம்!

ஆகவே சொல்கிறேன். மது கல்லீரலின் பகை. அதில் ஐயமே வேண்டாம். ஆனால் மது மட்டுமே பகை அன்று. மலைபோல் குவித்த வெள்ளைச் சோறு பகை. மறுபடி மறுபடி சுட்ட எண்ணெய் பகை. மாலைதோறும் மைதா பகை. புட்டியில் அடைத்த குளிர்பானம் பகை. காபிமேல் கல்லீரலுக்குக் கோபம் இல்லை, தாய்மார்களே. அதில் விழும் சர்க்கரை மேல்தான் கோபம்!

பின் எதைத்தான் உண்பது என்கிறீர்களா? வங்காளி வீட்டுச் சாப்பாடு பாகற்காயில் தொடங்குகிறது. நம் இலையோ ஓரத்தில் பாயசத்தோடு தொடங்குகிறது. பாகற்காய் மருந்து என்று நான் சொல்லவில்லை. சோற்றுக்கு முன்னே காய் வரட்டும் என்கிறேன். டாலிகஞ்ச் சந்தையில் கீரைக்கா பஞ்சம்? பரவல் காய்க்கா பஞ்சம்? சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுங்கள். பழத்தைப் பிழியாமல் கடித்துத் தின்னுங்கள். இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடங்கள். எடை கூடியிருந்தால் மெல்ல மெல்லக் குறையுங்கள். தொடக்க நிலையில் சேர்ந்த கொழுப்பு கரைய நல்ல வாய்ப்பு உண்டு. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் வைரஸுக்கான தடுப்பூசியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வலி மாத்திரையை மிட்டாய் போல் விழுங்காதீர்கள். பௌதி அன்போடு ஒரு புட்டியில் பச்சைச் சாறு கொண்டுவந்தார். நன்றி சொல்லி வாங்கி வைத்தோம். மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. மூலிகையானாலும் கல்லீரல் வழியாகத்தானே போக வேண்டும்?

இதையெல்லாம்விட எளிதான ஒன்றை இன்றே கேட்கிறேன். இன்னும் சற்று நேரத்தில் கீழே பந்தி. பரிமாறுபவர்களே, ஒருவர் இலைமேல் கைவைத்து மறித்தால், நகர்ந்துவிடுங்கள். "ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சாதீர்கள். "எனக்காக" என்று மிஞ்சாதீர்கள். ஏன் என்று விசாரிக்காதீர்கள். உபசாரம் என்பது இலையை நிரப்புவது மட்டுமா? மறிக்கும் கையை மதிப்பதும் உபசாரம்தான்!

அண்ணன் தள்ளிப்போட்ட அந்தப் பரிசோதனை நாளைக் காலை. முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. எதுவாயினும் எதிர்கொள்வோம் என்பது மட்டும் தெரியும். இம்முறை அவர் ஒளிந்து போகவில்லை. அண்ணி வருகிறாள், ஸ்னேகா வருகிறாள், நானும் வருகிறேன்.

என்ன, பின்வரிசையில்? "செக்ரட்டரி சார், நாளைக்கு எங்கே போறேள்?" என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி! அண்ணா, உன்னைத்தான் கேட்கிறார்கள். எழுந்து சொல். காதில் விழவில்லை, இன்னும் சத்தமாக!

கேட்டீர்களா, சபையோரே? "லிவர் டாக்டர்கிட்ட!" என்கிறார். உங்கள் கைதட்டலில் இந்த மண்டபமே அதிர்கிறது! நேற்றுவரை வாய்க்குள் மறைந்திருந்த சொல் இன்று வாசல்வரை ஒலித்துவிட்டது.

பேச இடம் தந்த தலைவருக்கும், பேசப் பெயர் தந்த அண்ணனுக்கும், தட்டைப் பிடுங்கிய பௌதிக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாருங்கள், பந்திக்குப் போவோம். வணக்கம்!