கோடு கிழித்த மினுமினுப்பு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தோட்டச் சங்கத் தலைவர் அவர்களே, மரமேறி மரமேறிப் பாதம் காய்த்துப்போன பெரியவர்களே, பழம் பிரித்துப் பிரித்து விரல்நுனியெல்லாம் இனிக்கும் தாய்மார்களே! தோசூர் பேரீச்சைக் கூடத்தின் பெட்டிப் பொறுப்பாளன் லஸ்அத் பேசுகிறேன். உங்கள் அனைவர்மீதும் சாந்தி நிலவட்டும்!

"மினுமினுப்பான!" ஆகா, என்ன சொல்! கழுவிய செம்புக்குப் பொருந்தும், கல்யாணப் பெண்ணின் கன்னத்துக்குப் பொருந்தும். (யாரப்பா பின்வரிசையில், என் தலைக்கா? பொருந்தும், பொருந்தும்!) ஆனால் அதை எப்போது எழுத வேண்டும்? பழத்தைப் பார்த்த பிறகா, பார்ப்பதற்கு முன்பா? நானோ கோடையிலேயே, காய் பச்சையாகத் தொங்கும்போதே, அத்தனை பெட்டியிலும் "மினுமினுப்பான பேரீச்சை" என்று அச்சடித்துவிட்டேன்!

குலைகளுக்கு உறை கட்டி முடிக்கும் முன்னே கொட்டியதே மழை! பழத்தின் தோல் மங்கியது, என் முகமும் மங்கியது. துறைமுக வணிகர் முன்சிஃப் சரக்கைத் திருப்பிவிட்டால், நூறு பெண்களுக்குக் குளிர்காலம் முழுக்க வேலை இல்லை. நான் என்ன செய்தேன்? வெட்கத்தோடு சொல்கிறேன், எண்ணெய்க் குப்பியை எடுத்தேன்.

பழம் பிரிக்கும் ஹதூமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணே, பழத்துக்குத் தலைவாரி விடப் போறீங்களா?"

"பெட்டியில அச்சடிச்சாச்சேம்மா!"

"பொய் பெட்டியிலதானே இருக்கு? அதத் திருத்துங்க. பழத்த ஏன் கெடுக்கறீங்க?"

நூறு பெண்கள், நூறு பேனாக்கள்! பெட்டிக்குப் பெட்டி அந்தச் சொல்லின் மேல் கோடு கிழித்தோம்.

முன்சிஃப் வந்தார். "என்னய்யா இது, கோடு?"

"மழை பட்டுடுச்சுங்க. தோல் மின்னல. அதான் அந்தச் சொல்ல அடிச்சுட்டோம்" என்றார் ஹதூமா.

அவர் ஒரு பழத்தை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நாம் தரம் பார்ப்போமே, அதே பிடி! தேன்நிறச் சதைக்குள்ளே கொட்டை நிழலாய்த் தெரிந்தது. மென்றார். கொட்டையைத் துப்பிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"போன வருஷம் வேற எடத்துல மின்னுறதா வாங்கி, எண்ணெய் தொடைக்கத் துணி பத்தல. நீங்க ஏத்துங்கய்யா லாரில!"

அப்பாடா! தாய்மார்கள் குலவையிட்டார்கள். நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதேன். பிழைத்தோம், பெரியோர்களே, பிழைத்தோம்!

அடுத்த ஆண்டுப் பெட்டிகளில் அந்த இடத்தை வெறுமையாக விடச் சொல்லிவிட்டேன். பழத்தை வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகு எழுத வேண்டிய சொல் அது. எழுத வேண்டியவனும் நான் இல்லை. ஹதூமா, மேடைக்கு வாருங்கள். இந்தப் பேனா இனி உங்களுடையது.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. தேநீர் ஆறுவதற்குள் இறங்கிவிடுகிறேன். சாந்தியோடு வீடு சேருங்கள்!