சூரியன் வராத கட்டம்

“சூரியன் இருக்க வேண்டிய கட்டத்துல கங்காணி உக்காந்துட்டாருங்க.”

மலையகத்து வட்டகொடையில் ரயிலேறிய ஒரு டீச்சர், பக்கத்தில் இருந்த இன்னொரு டீச்சரிடம் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“வானத்துப் பாடத்துக்குக் குறுக்கெழுத்து போட்டேன். ‘இவர் வந்தால்தான் நமக்குப் பொழுது விடியும், நான்கு எழுத்து.’ வகுப்பே கங்காணின்னு எழுதிருச்சு.”

“தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைங்கதானே! விடியக்காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுக்குக் கூப்பிடுறது அவருதானே. ஆனா நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரே டீச்சர்!”

“அதான் குறிப்பை மாத்திட்டேன். ‘மழை பெய்தால் வரமாட்டார்.’ கங்காணி என்னிக்கு மழைன்னு வராம நின்னிருக்காரு?”

“இப்ப சூரியன் வந்துட்டாரா?”

“எங்க வந்தாரு? அத்தனை பேரும் ‘டீச்சர்’னு எழுதியிருக்காங்க. அதுவும் நாலு எழுத்தாப் போச்சே!”