பேச்சுக்கு இன்னும் சட்டம் வரல

எங்கண்ணே ஓட்டு வரிசைய விட்டுக் கெளம்பிட்டீங்க? கோழி ஃபேக்டரி ஷிஃப்ட்டு மத்தியானந்தானே, இன்னும் நேரம் கெடக்கு. நில்லுங்க. வெயிலா இருந்தா என் நெழல்ல ஒதுங்கிக்கங்க. கடவுள் என்னைய இவ்வளவு அகலமாப் படைச்சது பின்ன எதுக்காம்?

நான் எர்லீன் மே. பெட்ரோல் பங்குக்குப் பின்னால பியூட்டி பார்லர் வச்சிருக்கேன். நீங்க? அட்லாண்டாவுலேருந்து இங்க குடிவந்தவரா! அதான், எங்க ஊரு அழகு தெரியல.

முன்னெல்லாம் எங்க கறுப்பு சனங்க சர்ச் ஹால்லயே ஓட்டுப் போட்டோம். மூடிட்டாங்க. ஏன்னா, வாசல்ல சக்கர நாற்காலி ஏறச் சரிவு இல்லையாம். முடியாதவங்க கஷ்டப்படக் கூடாதாம். அதனால அவங்களையும் சேத்து எல்லாரையும் பத்து மைல் தள்ளி, இங்க போலீஸ் ஷெரிஃப் ஆபீஸ் பக்கத்துல வரச் சொல்லிட்டாங்க. என்ன கரிசனம் பாத்தீங்களா!

ஏரிக்கரையில வெள்ளைக்காரங்க இருக்காங்களே, அங்க கிளப்புல எங்க சித்தி மக ரீபா சமைக்கிறா. காப்பிய ஊத்தி வச்சிட்டு ஓட்டுப் போடப் போறவங்க, வந்து சூடாக் குடிக்கிறாங்களாம். இங்க இருக்கிறதே ரெண்டு மெஷினு. அதுல ஒண்ணுக்குக் காலையிலேருந்து ஒடம்பு சரியில்ல.

தண்ணியா? ஐயையோ, என்கிட்ட கேக்காதீங்க! வரிசையில நிக்கிறவங்களுக்கு ஒரு பாட்டில் குடுத்தாக் குத்தம். லஞ்சமாம்! டிவி முழுக்கப் பொய்யாக் கொட்டலாம், அது லஞ்சமில்ல. அந்தா, செவத்தோரம் குழாய் இருக்கு. போயிக் குடிச்சிட்டு வாங்க, எடத்த நான் பாத்துக்கிறேன்.

வந்துட்டீங்களா! அப்படியே நழுவிருவீங்கன்னுல்ல நெனச்சேன்.

எங்கம்மா காலத்துல எல்லாம் வெளிப்படை. ஓட்டர் லிஸ்ட்டுல பேரு பதியப் போனா, அம்மாவக் கண்டதுமே கிளார்க்குக்குப் பசி வந்துரும். சாப்பாட்டு வேளைன்னு பலகைய மாட்டிருவான். விடியக்காலையில போனாலும் சாப்பாட்டு வேளைதான். அம்மாவும் விடல, போய்க்கிட்டே இருந்துச்சு. ஜெயில்ல போட்டாங்க. முன்பல்ல ஒடச்சாங்க. அதுக்கப்புறமும் போச்சு. கடைசியில அவனே அலுத்துப்போயிப் பதிஞ்சான். இப்ப யாரும் பல்ல ஒடைக்கிறதில்லண்ணே. மேடம்னு கூப்பிட்டே வெளிய அனுப்பிருவாங்க.

நகருங்க, முன்னால எடம் விழுந்திருச்சு.

யாருக்குப் போடணுமா? அத மட்டும் கேக்காதீங்க. வரிசையில பிரச்சாரம் பண்ணுனா அதுவும் குத்தம். அந்தா, தொப்பி போட்ட ஷெரிஃப் ஆளு காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறாரு பாருங்க. நான் ஒரு பேரச் சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருக்காரு, சொன்னாப் புடிச்சுட்டுப் போயிருவாரு. சார், சௌக்கியமா? வெயில்ல நிக்காதீங்க சார், செவந்துருவீங்க!

வாசல் வந்திருச்சு பாத்தீங்களா. அடையாள அட்டைய எடுத்துக் கையில வச்சுக்கங்க. போங்க.

நானா? நான் வரலண்ணே. காலையில கதவு தெறந்ததும் மொத ஆளாப் போயாச்சு. பேரு ஒத்துப்போகலைன்னுட்டாங்க. லைசென்ஸ்ல எர்லீனுக்கும் மேவுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்காம், அவங்க கம்ப்யூட்டர்ல கோடு இல்லையாம். ஓட்ட மெஷின்ல சேக்காம, தனியா ஒரு கவர்ல போட்டு ஒட்டி வாங்கிக்கிட்டாங்க. எண்ணுவீங்களான்னேன். பாக்கலாம்னுச்சு அந்தப் பொண்ணு.

கார்ல ஒக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன். பொய் சொல்வானேன். அப்பப் பாத்தா, ஒருத்தி புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வரிசைய விட்டுப் போறா. எறங்கி ஓடிப்போயிப் பேச்சுக் குடுத்தேன். புள்ளைய வாங்கிக்கிட்டு, அவ உள்ள போற வரைக்கும் வாய மூடல. அப்புறம் வரிசையோட வால்ல போயி நின்னேன், இன்னொருத்தரு மாட்டுனாரு. அப்புறம் நீங்க. தண்ணிக்குத்தான் சட்டம், பேச்சுக்கு இன்னும் வரலல்ல?

போங்கண்ணே, கூப்பிடுறாங்க. நான் பின்னால போறேன். அங்க பச்சச் சட்டை போட்ட ஒருத்தரு ரொம்ப நேரமாக் கார் சாவியவே உருட்டிக்கிட்டு நிக்கிறாரு.