பத்தாவது ஈரக் குடை

குடை விஷயத்தில் எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு எதுவும் கிடையாது. மழை வந்தால் ஏதாவது ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றுவிடுகிற ஆள் நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆய்வாளர் அவர்களே, இந்த விவகாரத்தில் குடை நிறைய வரும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்புக்கூட வரும். வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், நானும் பல தடவை சிரித்திருக்கிறேன்.

நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டியல் பிரிவில் இருக்கிறேன். வருகிற புத்தகம், வருகிற சினிமா டிவிடி, எல்லாவற்றுக்கும் தலைப்பு, ஆசிரியர், நாடு, ஆண்டு எழுதி, எண் ஒட்டிக் கீழ்த்தளத்துக்கு அனுப்புவது என் வேலை. அலுப்புத் தட்டும் வேலை என்பார்கள். ஒரே தலைப்பு இரண்டாவது முறை கைக்கு வரும்போது வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடுமே, அது அவர்களுக்குத் தெரியாது.

‘ஈரக் குடை’ முதலில் ஒரு தீவு நாட்டுப் படமாக வந்தது. திருட்டுக் குடை ஒன்று ஊர் முழுக்கக் கைமாறுகிற கூத்து. அடுத்த மாதமே, வருடத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஒரு நாட்டிலிருந்து அதே தலைப்பில் ஒரு நாவல். ஒரு நீதிபதி முந்நூறு பக்கம் தன் மனைவியைச் சந்தேகப்படுகிறார். குடை என்ற சொல் இருநூற்று எண்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. நான் மேசையிலேயே சிரித்துவிட்டேன். மூன்றாவது ஒரு பாலைவன நாட்டுப் படம். பாலைவனம், ஆய்வாளர் அவர்களே. அந்தக் குடையை எதில் நனைத்தார்கள் என்று பார்ப்பதற்காகவே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தேன். சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள்.

பதினோரு வருடத்தில் ஒன்பது சேர்ந்தன. ஒன்பது நாடுகள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எல்லோரும் தனித்தனியாகத் தலையைச் சொறிந்து, கடைசியில் ஒரே பெயரில் போய் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கண்காட்சியாக வைக்கலாம் என்று நூலகத் தலைவரிடம் கேட்டேன். பத்து அறை உள்ள கண்ணாடிப் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது, அதைக் கொடுத்தார். ஒன்பதையும் அடுக்கிப் பார்த்தேன். ஓர் அறை மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது.

பல் என்றதும் மாப்பிள்ளை விஷயத்துக்கு வந்துவிடலாம். என் தங்கையின் கணவர் பல் மருத்துவர். கலகலப்பான மனிதர். நகைச்சுவை சொல்லத் தொடங்கும் முன்பே பாதி சிரித்து முடித்திருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைவாய்ப் பல்லுக்காக அவர் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். உதடு மரத்துவிட்டது. வாய் நிறையப் பஞ்சு.

“மச்சான், ஒரு ரகசியம். உங்க தங்கச்சிக்கு மட்டுந்தான் தெரியும். நான் ஒரு நாவல் எழுதி முடிச்சிட்டேன். பேரு ‘ஈரக் குடை’. எப்படி இருக்கு?”

பத்து என்று கத்தினேன். மரத்த உதட்டில் அது ‘பஃபு’ என்று வந்தது.

“என்ன மச்சான், வலிக்குதா?”

“பஃபு, பஃபு” என்று பத்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். நர்ஸ் ஓடி வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். வெளியே காத்திருந்த ஓர் அம்மாள் தன் முறைக்கு நிற்காமல் வீட்டுக்கே போய்விட்டாராம். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஞ்சை எடுத்ததும் நான் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்து அந்தச் சின்ன அறையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். என் கல்யாணத்தன்றுகூட அத்தனை சந்தோஷமாக இருந்த நினைவில்லை. இதே பேரில் வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள், ஒருநாள் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கையெழுத்துப் பிரதியை ஒரே மூச்சில் படித்தேன். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் உட்காருவதற்குள் கிடைத்த இடைவெளிகளில், நான்கே மாதத்தில் எழுதியிருந்தார். திருத்துவதற்கு ஒரு வரிகூட இல்லை. நானும் ஒரு காலத்தில் நாவல் எழுத உட்கார்ந்ததுண்டு. பதினாறு வருடம் உட்கார்ந்தேன். அது இங்கே தேவையில்லாத சங்கதி.

“அண்ணா, நீ சொன்னாத்தான் அவருக்கு நம்பிக்கை வரும். உண்மையச் சொல்லு, நல்லா இருக்கா?” என்று தங்கை போன் செய்தாள்.

“நல்லா இருக்கு” என்றேன். சுருக்கமாகச் சொன்னதற்கு அவள் கோபித்துக்கொண்டாள்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளை தன் விடுமுறை நாளில் மற்ற ஒன்பதையும் பார்க்க வந்தார். அவை கீழ்த்தளத்தில் கடைசி வரிசையில் இருந்தன. அங்கே இருப்பவை நகரும் அலமாரிகள். தரையில் தண்டவாளம், ஒவ்வொரு அலமாரியின் பக்கவாட்டிலும் ஒரு சக்கரம். சுலபமாகச் சுற்றலாம், இரண்டாயிரம் புத்தகம் பூனை மாதிரி நகரும். உள்ளே ஆள் நின்றால் தானாக நின்றுபோக ஒரு பூட்டு உண்டு. அது ஆறு மாதமாகப் பழுது. சரிசெய்யச் சொல்லி இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன், கோப்பில் இருக்கிறது. கடமையில் நான் குறை வைத்ததில்லை.

மாப்பிள்ளை இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். நீதிபதி கதையைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏன் மச்சான், ஒன்பது பேரு வெச்ச பேர நான் எதுக்கு வைக்கணும்? ‘கடைசிப் பல்’னு மாத்திடறேன். நாளைக்கே பதிப்பாளர்கிட்ட சொல்லிடறேன்” என்றார்.

“யோசிச்சுச் செய்யுங்க மாப்பிள்ளை.”

“யோசிச்சாச்சு. எனக்கு அடுத்ததா இன்னொரு நாவல் மனசுல ஓடுது, அதுக்கும் பேரு ரெடி.”

நான் வரிசையைவிட்டு வெளியே வந்தேன். சக்கரத்தைப் பிடித்தேன். நிதானமாகத்தான் சுற்றினேன், எண்ணெய் போட்ட சக்கரம், சத்தமே இல்லை.

“மச்சான், உள்ள ஆள் இருக்கேன்” என்றார் சிரித்துக்கொண்டே. விளையாடுகிறேன் என்று நினைத்தார். அவர் சிரிப்பைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. அலமாரிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் கொஞ்ச நேரம் சேர்ந்தே சிரித்தோம். பிறகு நான் மட்டும்.

பூட்டுப் பழுதால் விபத்து என்று முடிவாயிற்று. என் இரண்டு கடிதங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். நூலகத் தலைவர் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், பாவம். பதிப்பாளரிடம் இருந்த பிரதியில் ‘ஈரக் குடை’ என்றே இருந்தது, அப்படியே அச்சானது. கண்காட்சியைத் தங்கைதான் திறந்துவைத்தாள். பத்து அறைகளும் நிறைந்திருந்தன. கூட்டம் தாங்கவில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அன்றைக்கு அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, “அண்ணா, நீதானே பக்கத்துல இருந்த. கடைசியா அவர் என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னார் என்றேன். அழுதாள். நெஞ்சு லேசாகிவிட்டது என்றாள். என் தங்கைக்காக நான் எதுவும் செய்வேன்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. இரண்டாம் பதிப்பின் முதல் பக்கத்தில், ‘கடைசி மூச்சிலும் மனைவியின் பெயரைச் சொன்னவர்’ என்று அச்சடித்துவிட்டார்கள். நான் பட்டியல்காரன். தப்பான தகவல் அச்சில் ஏறிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வேறு யாராலும் இதைத் திருத்த முடியாது என்பதால்தான் வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன்.

அவர் அவள் பெயரைச் சொல்லவில்லை. சிரிப்பு நின்ற பிறகு, “சரி மச்சான், சரி. ‘ஈரக் குடை’யே இருக்கட்டும். சத்தியமா மாத்தமாட்டேன்” என்றார். குரல் கொஞ்சம் நசுங்கியிருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகும் சக்கரத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். தலைப்புக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.