கெண்டக்கால் வீக்கம்

அய்ய, கைய எடுக்கா மொதல்ல! வூட்டுக்காரரு வீங்குன காலத் தேய்க்காத. அந்தத் தைலத்த மூடிப் பைல போடு. கோச்சிக்காத, சொல்றதுக்குக் காரணம் கீது.

இன்னா நோவு அவருக்கு? குடல்வீக்கமா? ரத்தமா போவுதா? அதான் பாத்தேன். எங்க வூட்டுக்காரரு ராசையாவுக்கும் அதே கண்றாவிதான். ஹார்பர்ல மூட்ட தூக்கறவரு. ஒரு நாளிக்கி பத்து வாட்டி கக்கூஸு. தெருவுக்கே ஒரே கக்கூஸு, வெளில நின்னுகினு ஜனம் மூக்கப் பொத்திகினு காறித் துப்பும். த்தூ, அதுங்கல்லாம் மனுசங்களா?

கல்மண்டபத்தாண்ட ஒருத்தன், சொவுரு சொவுரா மூலம் பவுத்திரம்னு போஸ்டரு ஒட்டி வெச்சிருப்பான். அவங்கிட்ட ஒரு வருசம் அலஞ்சோம். கருப்பா ஒரு லேகியம் குடுப்பான். இப்ப நெனச்சாலும் கொமட்டுது. கலீஜ் பையன்.

அப்பால இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாதான் தெரியிது, மூலமே இல்லியாம், குடல்வீக்கமாம். மருந்து குடுத்தாங்க, கொஞ்சம் தேவலாம்னு கீறச்சொல்ல, ஒரு கெண்டக்காலு மட்டும் வீங்கிகிச்சி. மூட்ட தூக்கறவராச்சே, சுளுக்குன்னுட்டு ஒருத்தி வந்து குந்திகினா. நல்லெண்ணெயக் காய்ச்சி, அமுக்கி அமுக்கி மேல பாத்து உருவுறா. அவரு அய்யோ அம்மான்னு அலறுறாரு. வுடல அந்த மூதேவி. அவ கையில கொள்ளிய வெக்க!

குடல்ல வந்த வீக்கம் குடலோட நிக்காதாம்க்கா. ரத்தக்கொழா உள்பக்கத்தயும் கெடுத்துடுமாம். ஓட வேண்டிய ரத்தம் ஒறஞ்சி கட்டிக்குமாம். கீய ரத்தம் ஊத்திகினே கீது, கால்ல அதே ரத்தம் கட்டிக்குது. இன்னா சீக்குக்கா இது, ச்சீ! உருவுன உருவுல அந்தக் கட்டி பிச்சிகினு நொரயீரல்ல போயி அடச்சிகிச்சி. டாக்டரம்மா இன்னிக்கிதான் எல்லாம் சொல்லிச்சி.

அவளா? அவ காலு மின்னாடி வந்து பொறந்தவ. அப்டி பொறந்தவ உருவுனா சுளுக்கு வுட்டுடும்னு தெருவே அவகிட்டதான் வரும். அவளுக்கும் அதுல ஒரு பெரும. வூட்லயே ஆளு கீறச்சொல்ல ஆஸ்பத்திரி எதுக்குன்னு கேட்டா பாரு, அந்தத் திமிரு.

இன்னாக்கா அப்டிப் பாக்கற? அவ நாந்தான். அவரப் பின்னால பொணக்கொட்டாயில போட்டுக்கீறாங்க, கூப்புடுவாங்கன்னு குந்திகினுகீறேன். நீ எயிந்திரு. டாக்டரம்மா கெளம்பறதுக்குள்ள அந்தக் காலக் காட்டு.