அமுக்குறது வலப்பக்கம்

அக்கா: ...முதல்ல மூச்சு விடு. யாரு பேசுற, எங்கருந்து பேசுற, அதச் சொல்லு.

சின்னவன்: உன் தம்பிக்கா! பேரு சின்னவன், வயசு இருபத்தஞ்சு, நிக்கிற எடம் கேமராக் கடை, மாடிப்படி ஏறினதும் எதிர்ல இருக்குற கண்ணாடி அலமாரி. போதுமா? இல்ல, மச்சம் எங்க இருக்குன்னும் சொல்லணுமா?

அக்கா: சொல்லத்தான் வேணும். காலைலேருந்து பதினோரு மெசேஜ். ஒண்ணுலயும் முற்றுப்புள்ளி இல்ல, தலையும் இல்ல வாலும் இல்ல. "பெருச குடுத்துட்டு சின்னது வாங்கட்டுமா அண்ணே இது எவ்ளோ கனம் அக்கா சீக்கிரம் சொல்லு"ன்னு வந்திருக்கு. இதுல யாரு அண்ணன், யாரு அக்கா?

சின்னவன்: பேசினா அதுவே எழுதிக்குதுக்கா. நடுவுல கடைக்காரர்கிட்ட கேட்டதும் சேந்து வந்துருச்சு.

அக்கா: ஏன், விரலால எழுதினா தேஞ்சா போயிடும்?

சின்னவன்: கைல கேமரா இருக்குல்ல.

அக்கா: மொத மெசேஜ் வந்தது காலைல ஆறு மணிக்கு, அப்பவேவா? கடையத் தொறந்ததே நீதானா?

சின்னவன்: ...இங்க எல்லாரும் பேசித்தான்க்கா அனுப்புறாங்க. அத விடு. குடுக்கட்டுமா வேணாமா?

அக்கா: வேணாம்.

சின்னவன்: கேக்காமலே சொன்னா எப்படி!

அக்கா: அந்தப் பெரிய டிஎஸ்எல்ஆர் கேமரா யாரு குடுத்தது?

சின்னவன்: நீ குடுத்தது.

அக்கா: அப்ப வேணாம்.

கடைக்காரர்: தம்பி, பேசி முடிச்சிட்டீங்களா? பெட்டியப் பிரிக்கட்டுமா?

சின்னவன்: ஒரு நிமிஷம் அண்ணே... அக்கா, போன ஸ்பீக்கர்ல போட்டு அலமாரி மேல வச்சிருக்கேன். கடைக்காரரும் நம்ம பாஷைதான் பேசுவாரு. பாத்துப் பேசு.

அக்கா: நான் என்ன கெட்ட வார்த்தையா பேசுறேன்? வணக்கம் அண்ணே.

கடைக்காரர்: வணக்கம் தங்கச்சி. நீங்களாவது சொல்லுங்க. ஒண்ணரை மணி நேரமா ஏழு கேமரா எறக்கி வச்சாச்சு. ஒண்ணையும் முழுசாப் பாக்க மாட்டேங்குறாரு.

அக்கா: அவன் சட்டை எடுக்கப் போனாலே கடைய மூடி விளக்கணைச்சாத்தான் வெளிய வருவான். டேய், எதுக்குடா இப்ப மாத்தணும்?

சின்னவன்: கனம்க்கா. பாடியும் லென்ஸும் சேந்து ஒண்ணே முக்கால் கிலோ. வாடகைக்கு விடுற வீட்ட எல்லாம் நாந்தான் படம் எடுக்கணும். ஒரு நாளைக்கு எட்டு வீடு, பாதிக்கு லிஃப்ட் கெடையாது. கழுத்து போயிடுது.

அக்கா: மூணு வருஷமா போகாத கழுத்து இப்பத்தான் போச்சா?

சின்னவன்: வயசாகுதுல்ல.

அக்கா: இருபத்தஞ்சுன்னு இப்பத்தானே ஒப்பிச்ச?

சின்னவன்: அக்கா, விளையாடாத. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நாலு வீடு இருக்கு. நாளைக்கும் படம் ஒழுங்கா வரலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இந்த வேலை போச்சுன்னா நான் இந்த ஊர்லயே இருக்க முடியாது. லீவு முடிஞ்சு வந்து ஒரு வாரம்கூட...

அக்கா: என்ன லீவு?

சின்னவன்: அண்ணே, அந்தக் கடைசில இருக்குறது என்ன வெல?

அக்கா: டேய். என்ன லீவு?

சின்னவன்: வேலை கம்மியா இருந்துச்சுன்னு சொன்னேன்ல... அதத்தான்.

அக்கா: நீ எங்க சொன்ன? எங்கிட்ட சொல்லவே இல்ல.

சின்னவன்: மாமாகிட்ட சொல்லியிருப்பேன்.

அக்கா: மாமா பக்கத்துலதான் இருக்காரு. கேக்கவா?

சின்னவன்: வேணாம் வேணாம்! அண்ணே, அந்தக் கறுப்பு எடுங்க. அதோட கனம் என்ன?

கடைக்காரர்: முந்நூறு கிராம். அதான் ரெண்டு வாட்டி சொன்னேனே.

அக்கா: கண் வச்சுப் பாக்குற ஓட்டை இருக்கா அண்ணே?

கடைக்காரர்: இல்ல தங்கச்சி, திரைல பாக்குறதுதான்.

அக்கா: வெயில் அடிக்கிற பால்கனில திரைல என்ன தெரியும்? மூஞ்சிதான் தெரியும். வேணாம். அடுத்தது?

கடைக்காரர்: இதுல ஓட்டை இருக்கு. ஜூமும் நிறைய. நிலாவுல இருக்குற பள்ளம்கூடத் தெரியும்.

அக்கா: நிலாவ வாடகைக்கு விடப் போறானா? அவனுக்கு வேண்டியது அகலம். குளியலறைல கதவுல முதுக ஒட்டிக்கிட்டு நின்னு எடுக்கணும். இருபத்திநாலு எம்எம்ல தொடங்குற அகல லென்ஸ் இருக்கா?

கடைக்காரர்: அடேங்கப்பா. தங்கச்சி, நீங்க இங்க வேலைக்கு வர்றீங்களா?

அக்கா: நானும் கேமரா புடிச்சவதான் அண்ணே. கல்யாண வீட்டுல நாற்காலி மேல ஏறி நின்னு எடுத்திருக்கேன். அதே கேமராவத்தான் இவன் தள்ளப் பாக்குறான்.

சின்னவன்: நீதானக்கா "எனக்கு வேணாம், ஆச விட்டுப் போச்சு, எடுத்துட்டுப் போ"ன்னு பையில திணிச்ச?

அக்கா: ...அது அப்ப.

சின்னவன்: இப்ப என்ன?

அக்கா: இப்ப ஒண்ணும் இல்ல. யானைய வித்துப் பூனைய வாங்காதன்னு சொல்றேன், அவ்வளவுதான். இருட்டு ரூம்ல இந்தச் சின்னதுல எல்லாம் படம் பொரிப்பொரியா வரும்.

சின்னவன்: பொரி வந்தா வரட்டும்! அண்ணே, இதுல திரையத் தொட்டா படம் எடுக்குமா?

கடைக்காரர்: எடுக்கும். ஆனா நீங்க ஒரே கையால தொடுறீங்களே, எட்டுமா?

சின்னவன்: எட்டல. வேற?

அக்கா: ஏன் ஒரு கையால தொடணும்?

சின்னவன்: இன்னொரு கைல பை இருக்கும்ல.

அக்கா: பையக் கீழ வைடா! வாடகை வீட்டுல யாரு வந்து தூக்கிட்டுப் போகப் போறா?

சின்னவன்: அய்யோ அக்கா, கேள்வி கேட்டே கொல்லாத. கடைக்கு வந்தவன் நான்.

அக்கா: காலைலேருந்து பதினோரு மெசேஜ் போட்டு என்னக் கேட்டவனும் நீதான்.

கடைக்காரர்: தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. பாக்கெட்ல இருக்குற கைய வெளிய எடுத்துப் புடிச்சுப் பாருங்க. வந்ததுலேருந்து வலது கைய உள்ளயே வச்சிருக்கீங்க. எல்லாக் கேமராவுக்கும் அமுக்குறது வலப்பக்கம்தான்.

சின்னவன்: ...குளிருதுண்ணே.

கடைக்காரர்: எனக்கு வேர்க்குது.

அக்கா: அண்ணே, என்ன சொன்னீங்க?

சின்னவன்: ஒண்ணும் சொல்லலக்கா.

அக்கா: உன்னக் கேக்கல. அண்ணே, இவன் இடது கையாலயா கேமராவப் புடிக்கிறான்?

கடைக்காரர்: நான் எதுக்கும்மா குடும்பத்துக்குள்ள...

அக்கா: அப்ப சரி. போன வாரம் அனுப்பின நாலு படத்துலயும் செவுரு எல்லாம் சாஞ்சிருந்துது. அடுப்பு மேடைல தண்ணி ஊத்தினா ஜன்னல் வழியா ஓடியிருக்கும். நான் நெனச்சேன்... குடிக்க ஆரம்பிச்சிட்டியோன்னு.

சின்னவன்: ச்சீ! என்னக்கா நீ!

அக்கா: பின்ன? கோடு ஒண்ணு கோணினா தூங்காதவன் நீ. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத. கைக்கு என்ன?

சின்னவன்: சுளுக்கு.

அக்கா: எப்படி?

சின்னவன்: படில வழுக்கிருச்சு. மூணாவது மாடி. அப்பத்தான் கழுவி விட்டிருந்தாங்க. அவ்வளவுதான். சரியாப் போயிரும்.

அக்கா: எப்ப?

சின்னவன்: ஒரு... ஏழு வாரம் இருக்கும்.

அக்கா: ஏழு வாரமா சுளுக்கு?

சின்னவன்: கொஞ்சம் பெரிய சுளுக்கு.

அக்கா: கேமராப் பை தோள்லதான இருந்துச்சு? கைய ஊனினியா?

சின்னவன்: பைல இல்லக்கா. கைல இருந்துச்சு. இடது கையால மேல தூக்கிப் புடிச்சிட்டேன். அதுக்கு ஒரு கீறல் இல்ல தெரியுமா? லென்ஸ் மூடிகூட கழலல.

அக்கா: அட அறிவு கெட்டவனே!

சின்னவன்: அக்கா...

அக்கா: அத விட்டெறிஞ்சிட்டு ரெண்டு கையும் ஊனியிருக்கலாம்ல? போனா ஒரு கேமரா போகும்! உன்ன எவன்டா அதத் தூக்கிப் புடிக்கச் சொன்னது?

சின்னவன்: உன் கேமராக்கா.

கடைக்காரர்: தம்பி, உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கோங்க. நான் தண்ணி கொண்டு வர்றேன்.

சின்னவன்: இல்லண்ணே, நிக்கிறேன். அக்கா? லைன்ல இருக்கியா? அழுறியா?

அக்கா: அழல. எரிச்சல்ல இருக்கேன். எனக்கு எரிச்சல் வந்தா மூக்கு ஒழுகும்.

சின்னவன்: முக்காலில வச்சு எடுத்துப் பாத்தேன்க்கா. கழிவறைல முக்காலி நிக்க எடம் இல்ல. ஒத்தக் கையால அந்தக் கனத்தப் புடிச்சா நடுங்குது. அதான் சின்னதா ஒண்ணு... ஆனா எல்லாத்துலயும் பொத்தான் அந்தப் பக்கமே வச்சிருக்கானுங்க. ஏழு கேமரா பாத்தாச்சு.

கடைக்காரர்: இதுக்குத்தானா? மொதல்லயே சொல்லியிருந்தா ஒண்ணரை மணி நேரம் மிச்சம். இந்தாங்க, அந்தக் கறுப்புச் சின்னத. இதுவும் இருபத்திநாலுலதான் தொடங்குது. தலைகீழாப் புடிங்க.

சின்னவன்: தலைகீழாவா?

கடைக்காரர்: கவுத்துப் புடிங்க. இடது கைல. இப்ப பொத்தான் எங்க வந்துச்சு?

சின்னவன்: ...கட்டைவிரல் கிட்ட.

கடைக்காரர்: அமுக்குங்க.

சின்னவன்: அண்ணே! எடுத்துருச்சு!

அக்கா: படம் கவுந்துல்ல வரும்?

கடைக்காரர்: கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா நிமிந்துரும் தங்கச்சி. வீடு ஒண்ணும் கோவிச்சுக்காது.

சின்னவன்: அக்கா, செவுரு நேரா நிக்குது! கட்டைவிரல்ல அமுக்கினா ஆடவே இல்ல. முந்நூறு கிராம்தான... இது போதும்க்கா. சத்தியமா போதும். இப்பச் சொல்லு, பெருசக் குடுத்துட்டு இத எடுத்துக்கட்டுமா?

அக்கா: இதயும் எடு. பெருசையும் குடுக்காத.

சின்னவன்: மறுபடியும் மொதல்லேருந்தா! அது சும்மா கெடந்து என்ன பண்ணும்?

அக்கா: எனக்கு வேணும்டா.

சின்னவன்: எதுக்கு?

அக்கா: எதுக்கா? நாலு மாசமா ஸ்டூடியோக்காரர் கேமராவக் கெஞ்சி வாங்கிப் பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ எடுத்துட்டிருக்கேன். அந்த ஆளு குடுக்குறப்ப ஒரு தடவ, வாங்குறப்ப ஒரு தடவ துடைச்சுப் பாக்குறாரு, நான் என்னமோ நக்கிட்டுக் குடுத்த மாதிரி.

சின்னவன்: ஆச விட்டுப் போச்சுன்னு சொன்ன?

அக்கா: நீ கெளம்புறப்ப உங்கிட்ட கேமரா இல்ல. ஆசை இருக்குன்னு சொல்லியிருந்தா நீ வாங்கிட்டுப் போயிருப்பியா?

சின்னவன்: மாட்டேன்.

அக்கா: அதான்.

சின்னவன்: மூணு வருஷம்க்கா! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

அக்கா: ஏழு வாரம் வாயத் தொறக்காதவன் கேக்குற கேள்வியப் பாரு.

கடைக்காரர்: நல்ல அக்கா, நல்ல தம்பி. ரெண்டு பேரு வாயையும் பிளையர் வச்சுத்தான் தொறக்கணும் போல. தம்பி, இதப் பெட்டில போட்டுரட்டுமா?

சின்னவன்: போடுங்கண்ணே. அக்கா, ரூம்ல கூட இருக்குற டிரைவர் அண்ணன் ஞாயித்துக்கிழம ஊருக்கு வர்றாரு. அவர்கிட்ட உன் கேமராவக் குடுத்து விடுறேன்.

அக்கா: குடு. கைய டாக்டர்கிட்ட காட்டினியா?

சின்னவன்: காட்டினேன்.

அக்கா: என்ன சொன்னாங்க?

சின்னவன்: சுளுக்குன்னுதான்... அக்கா, கடைல ஆளு வந்துட்டாங்க. வச்சிர்றேன். மெசேஜ் போடுறேன்.

அக்கா: டேய், டேய், வைக்காத! முற்றுப்புள்ளி வச்சுப் போடு!

சின்னவன் (மெசேஜ்): இந்தப் போன் வீட்டுல யாரு கைல வேணா இருக்கும் அக்காவா இருந்தாலும் மாமாவா இருந்தாலும் அம்மாவா இருந்தாலும் சரி நேரடியாச் சொல்ல வாய் வரல அதான் வெளிய வந்து தெருவுல நின்னு பேசுறேன் அது சுளுக்கு இல்ல மணிக்கட்டு உடைஞ்சு நரம்பும் அறுந்துருச்சு ஆபரேஷன் முடிஞ்சுது பயப்படாதீங்க ஃபார்ம்ல இடது கையாலயே கையெழுத்துப் போட்டேன் கட்டைவிரலும் பக்கத்து விரலும் இன்னும் மடங்கல மடங்குமா மடங்காதான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியுமாம் வேலைக்குப் போறேன் சாப்பிடுறேன் எல்லாம் பண்ணிக்கிறேன் இத யாரு படிச்சாலும் டிரைவர் அண்ணன் திரும்பி வர்றப்ப பட்டன் இல்லாத சட்டை ரெண்டு குடுத்து விடுங்க