உருண்டையில்லாத பந்து

துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழுப்பிக்கொண்டிருந்த சமயம். துபாய்க்குப் போக, பக்கத்து எமிரேட்டின் ரோலாவில் ஏறிய பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி.

“பந்தே உருண்டையா இல்ல. அத நம்பி பையன ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பணுமா?” என்றார் கணவர்.

“அங்க அதுவும் ஃபுட்பால்தாங்க. கையால புடிச்சுட்டும் ஓடலாமாம். கார்த்திக் நல்லா வருவான்னு கோச்சே சொல்றாரு. அங்க ஒரு கிளப்போட ஜூனியர் டீம்ல சேத்துவிடுறாராம்.”

“அதான் இடிக்குது. இங்க எத்தனை வெள்ளைக்காரப் பசங்க ஆடுறாங்க! அவங்கள விட்டுட்டு அந்த ஆளு நம்ம பையனத் தேடி ஏன் வரணும்? இதுல ஏதோ இருக்கு.”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவர் தேடி வரலைங்க. நான்தான் போய்க் கேட்டேன்.”

பஸ் துபாய்க்குள் நுழைந்ததும் கணவர் மனைவி பக்கம் சாய்ந்தார்.

“அங்க குளிர் ஜாஸ்தியா இருக்குமோ?”